தொண்டை வலியா, குரல் கம்மலா? இரண்டும் ஒன்றல்ல

சைதாப்பேட்டையில் ஒரு பள்ளியில் 27 வருடம் தமிழ் நடத்தினேன். வகுப்புக்கு 50 பிள்ளைகள். ஜன்னலுக்கு வெளியே மின்சார ரயில். ரயில் போகும்வரை பேச்சை நிறுத்தலாம் என்ற புத்தி எனக்கு வந்ததே இல்லை. அதையும் மிஞ்சிக் கத்துவேன். ஒரு ஜூலை மாதம் சளியும் காய்ச்சலும் வந்து மூன்றே நாளில் போய்விட்டன. குரல் மட்டும் திரும்பி வரவில்லை. கம்மிய குரலோடே காலாண்டுத் தேர்வு முடிந்தது, ஆயுத பூஜை முடிந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பெரியம்மா, "என்னடி, ஆம்பளைக் குரலா இருக்கு?" என்று கேட்ட பிறகுதான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்றார்.

"கொஞ்ச நாளா" என்றேன்.

"நாலு மாசம் டாக்டர்" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர்.

"வலி இருந்ததாம்மா?"

"இல்ல டாக்டர்."

"அதான் லேட்டா வந்திருக்கீங்க."

அவர் கடிந்துகொள்ளவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வரி என்னை விடவே இல்லை. தொண்டை வலித்தால் அன்று மாலையே மருந்துக் கடையில் நிற்கிறோம். குரல் மாறினால் மாதக் கணக்கில் பொறுத்துக்கொள்கிறோம். கவலைப்பட வேண்டிய வரிசை பெரும்பாலும் இதற்கு நேர் எதிரானது.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது என்று நினைக்கிறேன். "தொண்டை வலிக்குது" என்கிறோம், "தொண்டை கட்டிடுச்சு" என்கிறோம். முதலாவது விழுங்கும் பாதையின் பிரச்சினை. இரண்டாவது மூச்சுப் பாதையின் வாசலில் இருக்கும் குரல்வளையின் பிரச்சினை. இரண்டுக்கும் நமக்கு ஒரே தொண்டை. பழைய சொல்லான மிடறும் அப்படித்தான்: ஒரு மிடறு தண்ணீர் என்றால் விழுங்குவது, மிடற்றுப்பாடல் என்றால் வாய்ப்பாட்டு. தமிழ் வாத்தியார் புத்தி, சொல்லைப் பிடித்துக்கொண்டு போகிறேன்; விஷயத்துக்கு வருகிறேன்.

கழுத்தின் முன்புறம், நடுவில், கெட்டியாக ஒரு மேடு தட்டுப்படும். ஆண்களுக்குத் துருத்திக்கொண்டு தெரியும், பெண்களுக்குத் தடவிப் பார்த்தால் தெரியும். அதன்மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு "ம்ம்ம்" என்று இழுங்கள். அதிர்கிறதா? இப்போது "ஸ்ஸ்ஸ்" என்று சொல்லுங்கள். அதிர்வு நின்றுவிடும். முதலாவதில் குரல் நாண்கள் வேலை செய்தன, இரண்டாவதில் வெறும் காற்று.

குரல் நாண் என்றதும் வீணைத் தந்தி மாதிரி எதையாவது கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சதையாலான இரண்டு மடிப்புகள் அவை, பெரியவர்களுக்கே ஓர் அங்குலம்கூட நீளம் வராது. மூச்சு விடும்போது கதவு மாதிரி திறந்திருக்கும். பேசும்போது ஒன்றோடொன்று நெருங்கும்; நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைப் படபடவென்று அடித்துக்கொள்ள வைக்கும். ஆண் குரலில் நொடிக்கு ஏறக்குறைய 100 முதல் 130 தடவை, பெண் குரலில் 200 தடவையை ஒட்டி. ஒரு பாடவேளையில் 20 நிமிடம் குரல் எழுப்பினேன் என்று வைத்துக்கொண்டாலே கணக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. நாளைக்கு ஆறு பாடவேளை. கணக்கு டீச்சர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ சம்பளத்தை அதிர்வுக்கு இவ்வளவுன்னு கேட்கணும்" என்றார்.

இன்னொன்றையும் சேர்த்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நாம் விழுங்கும் எதுவும் குரல் நாண்களைத் தொடுவதில்லை. பனங்கற்கண்டும் மிளகும் போட்ட பால், சித்தரத்தைக் கஷாயம், தேன், அதிமதுரம் எல்லாம் பின்பக்கத்து உணவுக் குழாய் வழியாக இறங்கிவிடும். ஒரு சொட்டு தவறிக் குரல்வளைக்குள் போனால் என்ன ஆகும் என்று தெரியுமே, புரையேறும். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பதும் அந்த வாசலுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. இவை வீண் என்று சொல்லவில்லை. வலிக்கிற தொண்டைக்கு இதம் தரும், உடம்பில் நீர்ச்சத்தைக் கூட்டும், அது குரலுக்கும் நல்லதுதான். ஆனால் குரல் நாண்களை நேராகத் தொடுவது நாம் மூச்சில் இழுப்பவை மட்டும்: நீராவி, தூசி, ஊதுபத்திப் புகை, பீடி சிகரெட் புகை, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்களுக்குக் குரல் கம்முவதும் வாயில் பூஞ்சை படிவதும் உண்டு. ஒவ்வொரு தடவையும் எடுத்த பின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்வது அதனால்தான்.

வலிக்கும் தொண்டை

இதில் நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. தொண்டை வலிகளில் பெரும்பாலானவை சளி, காய்ச்சலைக் கொண்டுவரும் வைரஸ்களால் வருபவை. மூக்கொழுகலும் இருமலும் கூடவே இருந்தால் அநேகமாக அதுதான். ஒரு வாரத்தில் தானே அடங்கும். வெதுவெதுப்பான தண்ணீர், உப்புக் கொப்பளிப்பு, வலிக்கு பாராசிட்டமால், ஓய்வு போதும். மருந்துக் கடையில் போய் "தொண்டைக்கு மூணு நாள் மாத்திரை குடுப்பா" என்று ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது சென்னையில் ஒரு குடிசைத் தொழில் அளவுக்கு நடக்கிறது. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் சரியாவதற்குக் காரணம் அது மூன்றாம் நாள் என்பதுதான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் அதிகம். இருமல் இருக்காது; திடீரென்று காய்ச்சல் ஏறும்; டான்சில் சிவந்து அதில் வெள்ளைத் திட்டுகள் தெரியும்; தாடைக்குக் கீழே நெறி கட்டித் தொட்டால் வலிக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கும். நம் அரசு மருத்துவமனைகளின் இதயப் பிரிவுகளில் வால்வு சுருங்கிப்போய் உட்கார்ந்திருக்கும் பலருடைய கதை சின்ன வயதில் வந்து மறந்துபோன ஒரு தொண்டை வலியில் தொடங்கியதுதான். ஆக, மருத்துவர் பார்த்து, இது அதுதான் என்று பெனிசிலின் வகை மருந்தை 10 நாளைக்கு எழுதினால் 10 நாளும் கொடுக்க வேண்டும். நாலாம் நாள் பிள்ளை விளையாடப் போய்விட்டான் என்று நிறுத்தக் கூடாது.

"உள்நாக்கு வளர்ந்திருக்கு, ஆபரேஷன் பண்ணணுமா?" என்று கேட்காத அம்மாக்கள் குறைவு. உள்நாக்கு என்பது நடுவில் தொங்கும் சின்னச் சதை. வீங்குவது பெரும்பாலும் அதன் இரண்டு பக்கமும் இருக்கும் டான்சில். அது பெரிதாக இருப்பது மட்டுமே அறுவை சிகிச்சைக்குக் காரணம் ஆகாது. அடிக்கடி வரும் டான்சில் புண்ணுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு: ஒரே வருடத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து ஆண்டுக்கு 5 தடவை, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து ஆண்டுக்கு 3 தடவை. அதைவிடக் குறைவென்றால் காத்திருந்து பார்க்கலாம். ஆனால் இரவில் பிள்ளை குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நின்று திணறினால் இந்தக் கணக்குப் பார்க்காமல் காட்ட வேண்டும்.

தொண்டை அடைப்பான் என்று பாட்டிமார்கள் சொல்லும் டிப்தீரியா பழங்கதை ஆகிவிடவில்லை. தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரிப் படர்ந்து மூச்சை அடைக்கும். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போடும் ஊசிகளை யாரும் மறப்பதில்லை. ஒன்றரை வயதிலும் 5 வயதிலும் போடும் பூஸ்டர்களும், 10 மற்றும் 16 வயதில் போடும் டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா இரண்டுக்குமான) ஊசியும்தான் வீடு மாறுகிற, ஊர் மாறுகிற குடும்பங்களில் விட்டுப்போகின்றன. தடுப்பூசி அட்டையை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கம்மிய குரல்

இப்போது என் பக்கத்துக்கு வருகிறேன்.

சளியோடு குரல் கட்டுவது குரல்வளை அழற்சி. நாண்கள் வீங்கிக் கனத்துவிடுகின்றன, சரியாக அதிர்வதில்லை. இதுவும் வைரஸ் வேலைதான், ஒன்றிரண்டு வாரத்தில் வற்றும். அந்த நாட்களில் பேச்சைக் குறைக்க வேண்டும். கிசுகிசுப்பது ஓய்வு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, பலர் கிசுகிசுக்கும்போது குரல்வளையை இன்னும் இறுக்கிக்கொள்கிறார்கள். மெதுவாக, இயல்பான குரலில், தேவையானதை மட்டும் பேசுவதே மேல். அடிக்கடி தொண்டையைச் செருமுவதும் நாண்களை ஒன்றோடொன்று மோத வைப்பதுதான். செருமத் தோன்றும்போது ஒரு வாய்த் தண்ணீர் குடியுங்கள்.

நான் என்ன செய்தேன்? வீங்கிய நாண்களோடு கத்தினேன். கடப்பாரை பிடிக்கிற கையில் காய்ப்புக் காய்க்கிற மாதிரி, மோதி மோதி இரண்டு நாணிலும் எதிரெதிரே சின்னச் சின்னக் காய்ப்புகள் வந்துவிட்டன. மருத்துவர்கள் இதை நாட்யூல் என்கிறார்கள். ஆசிரியர்கள், பாடகர்கள், கோயம்பேட்டில் கூவி விற்பவர்கள், ரங்கநாதன் தெருவில் கடை வாசலில் நின்று அழைப்பவர்கள், ஓயாமல் கத்தி விளையாடும் பிள்ளைகள் எல்லாருக்கும் வரக்கூடியது. காலையில் குரல் பரவாயில்லாமல் இருந்து சாயங்காலம் உடைந்துபோகும். மேல் ஸ்தாயி எட்டாது. பேசி முடித்தால் கழுத்தே அசந்துபோகும்.

நாட்யூல் என்றதும் ஆபரேஷன் என்று பயந்தேன். இல்லை, இதற்கு முதல் வைத்தியம் குரல் பயிற்சி. பேச்சுப் பயிற்சியாளர் ஒரு பெண், என் மகள் வயது. வயிற்றிலிருந்து மூச்செடுப்பது, உதட்டைப் பர்ரென்று அதிர வைப்பது, தண்ணீருக்குள் ஸ்ட்ராவை விட்டு "ஊ" என்று ஊதுவது என்று வாரா வாரம் சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். மூன்று மாதத்தில் குரல் திரும்பியது. வகுப்பில் பேச இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன மைக் ஒன்று வாங்கினேன். பிள்ளைகள் ஒரு வாரம் "கண்டக்டர் டீச்சர்" என்றார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். பள்ளிகள் கரும்பலகையும் சாக்பீஸும் கொடுக்கிற மாதிரி மைக்கையும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. கேட்பார் இல்லை.

காய்ப்புக்கு அண்ணன் மாதிரி பாலிப் என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் ஒரு பக்க நாணில் மட்டும் சின்னக் கொப்புளமாகத் தொங்கும், பலருக்கு அதை அறுவை சிகிச்சையால் எடுக்க வேண்டியிருக்கும். சேப்பாக்கத்தில் மேட்ச் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும்போதே பட்டென்று குரல் போய்விட்டால் நாணுக்குள் ரத்தக் கசிவு ஆகியிருக்கலாம். அப்போது கஷாயம் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். வாயை முழுதாக மூடிக்கொண்டு மறுநாளே மருத்துவரைப் பாருங்கள். பல வருடம் புகைத்தவர்களுக்கு நாண்கள் ஜெல்லி மாதிரி ஊதிக் குரல் கட்டையாகும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குரல் தடிக்கும். வயதானவர்களுக்கு நாண்கள் மெலிந்து குரல் நைந்துபோவது உண்டு. ஆனால் தாத்தாவின் குரல் திடீரென்று தாழ்ந்து, எழுத்தும் சின்னதாகி, நடையும் தளர்ந்தால் பார்கின்சன் நோயா என்று நரம்பு மருத்துவர் பார்க்க வேண்டும்.

மகரக்கட்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு குரல்வளை பெரிதாகி, நாண் நீண்டு, குரல் உடையும். சிலருக்கு உடம்பு வளர்ந்த பிறகும், மீசை வந்த பிறகும், குரல் மட்டும் பழைய கீச்சுக் குரலிலேயே நின்றுவிடும். என் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருந்தான். வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பான், வாயைத் திறக்க மாட்டான். அடம் என்று நினைத்து நானே ஒருநாள் வெளியே நிறுத்தியிருக்கிறேன். இன்றும் அது உறுத்துகிறது. பெரும்பாலான பையன்களுக்கு இதில் ஹார்மோன் குறை எதுவும் இருக்காது. குரல்வளை வளர்ந்துதான் இருக்கும், பழைய பழக்கத்தில் அதைத் தூக்கிப் பிடித்தே பேசுவார்கள். மருத்துவர் ஒருமுறை சோதித்துவிட்டு அனுப்பினால், குரல் பயிற்சியாளர் சில அமர்வுகளிலேயே ஆண் குரலை வெளியே கொண்டுவந்துவிடுவார். இதற்காக ஒரு பையன் கல்லூரி நேர்காணலையும் கல்யாணப் பேச்சையும் தவிர்த்துக்கொண்டு வாழ வேண்டியதே இல்லை.

அடுத்தது எதுக்களிப்பு. ராத்திரி பத்தரைக்கு பரோட்டா சால்னா, பதினொன்றுக்குப் படுக்கை. வயிற்று அமிலம் மேலேறிக் குரல்வளையின் பின்புறத்தை உறுத்தும். காலையில் கரகரப்பு, ஓயாத செருமல், தொண்டையில் உருண்டை நிற்பது போன்ற உணர்வு. நெஞ்செரிச்சல் இல்லாமலும் இது வரலாம். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுவது, கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது, காரத்தையும் காபியையும் குறைப்பது நல்லது. ஆனால் இப்போதெல்லாம் குரல்வளைக்குள் ஒரு தடவைகூடப் பார்க்காமலே எல்லாக் கரகரப்பையும் "கேஸ்" என்று சொல்லி மாதக் கணக்கில் அமில மாத்திரை விழுங்குகிறார்கள். பார்த்துவிட்டு விழுங்குங்கள். அந்த உருண்டை உணர்வுக்கும் ஒரு சோதனை உண்டு: எச்சில் விழுங்கும்போது மட்டும் தெரிந்து, சோறு சாப்பிடும்போது மறைந்துவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. சோறே தடைபடுகிறது, தண்ணீர் விட்டு இறக்க வேண்டியிருக்கிறது என்றால் அது வேறு. உடனே காட்ட வேண்டும்.

நெஞ்சுக்குள் சுற்றி வரும் நரம்பு

குரல் கம்மலுக்கு ஏன் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள் என்று சிலர் சந்தேகப்படுவார்கள், காசு பிடுங்குகிறார்கள் என்று. காரணம் இருக்கிறது. இடப்பக்க நாணை அசைக்கும் நரம்பு மூளையிலிருந்து நேராகக் குரல்வளைக்கு வராது. கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலேறி வருகிறது. தாம்பரத்திலிருந்து கிண்டிக்குச் செங்கல்பட்டு வழியாக வருகிற மாதிரி. அந்த நீண்ட வழியில் எங்கே இடித்தாலும் நாண் செயலிழக்கும். நுரையீரல் புற்றுநோய், காசநோயால் வீங்கிய நெறிகள், பெருந்தமனி வீக்கம், வால்வு நோயால் பெருத்த இதயம், கழுத்தில் தைராய்டு கட்டி என்று காரணங்கள் பல. தைராய்டு அறுவைக்குப் பின் குரல் மாறுவதும் இந்த நரம்பு கழுத்தில் தைராய்டை ஒட்டிப் போவதால்தான். மூச்சு கலந்து காற்றாக வரும் குரலும், தண்ணீர் குடித்தால் புரையேறுவதும் இதன் அடையாளம். ஓய்ந்த நாணை ஊசி மருந்தாலோ சின்ன அறுவையாலோ நடுப்பக்கம் நகர்த்திக் குரலை மீட்க வழிகள் இருக்கின்றன.

கழுத்தில் பட்ட காயம் ஒரு குரலை எப்படி மாற்றும் என்பதைச் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் வீட்டில் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. ராயப்பேட்டை மருத்துவமனைக்கும் பிறகு பொது மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தார். குரல் பழையபடி வரவில்லை. அந்தக் குரலோடு படங்களில் பேசி, மேடைகளில் பேசி, 1977-இல் முதல்வரும் ஆனார். முந்தைய படங்களையும் பிந்தைய படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் சட்டென்று காதில் விழும்.

இனிப் புற்றுநோய். பயமுறுத்த இதை எழுதவில்லை, நேர்மாறாக. குரல் நாணில் வரும் புற்றுநோய் ஆரம்பத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நாணில் ஒரு சின்னக் கீறல் அளவுக்குத் தடித்தாலே குரல் மாறும், வலியே இல்லாமல். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் கதிர்வீச்சாலோ லேசராலோ பத்தில் ஒன்பது பேர் அளவுக்குக் கட்டுக்குள் வந்துவிடுகிறது. குரல்வளையை எடுக்க வேண்டியதும் இல்லை. ஆறு மாதம் மிட்டாய் சப்பிக்கொண்டு தள்ளிப்போடுகிறவர்களுக்குத்தான் மூச்சுக்குக் கழுத்தில் துளை, குரல்வளை நீக்கம் என்று நிலைமை போகிறது. பீடி, சிகரெட், மாவா, ஹான்ஸ் இவற்றோடு குடியும் சேர்ந்தால் வாயிலிருந்து உணவுக் குழாய் வரைக்கும் ஆபத்து பல மடங்காகும். நாணுக்கு மேலேயோ பின்னாலேயோ வரும் கட்டி தொடக்கத்தில் குரலை மாற்றாது. ஒரு பக்கம் மட்டும் காது வலி, விழுங்கச் சிரமம், கழுத்தில் வலியில்லாத கட்டி என்று வரும். காது வலிக்குக் காதில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே ஒரு வருடம் ஓட்டியவரை எனக்குத் தெரியும்.

நாள் கணக்கு

சளி இருந்ததோ இல்லையோ, குரல் கம்மி மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். நான்கு வாரத்துக்கு மேல் குரல்வளையைப் பார்க்காமல் விடக் கூடாது என்பது மருத்துவர்களின் வழிகாட்டு நெறி. கம்மத் தொடங்கிய நாளை வீட்டுத் தினசரி காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். "கொஞ்ச நாளா" என்ற என் பதிலைச் சொல்ல வேண்டியிருக்காது.

மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாதவர்கள் உண்டு: புகை, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், கழுத்தில் கட்டி தெரிபவர்கள், சளியில் ரத்தம் வருபவர்கள், காரணமில்லாமல் எடை குறைபவர்கள், கழுத்திலோ நெஞ்சிலோ அறுவையோ, மூச்சுக்குக் குழாய் போட்ட சிகிச்சையோ நடந்த பிறகு குரல் மாறியவர்கள், குரலை வைத்துப் பிழைப்பவர்கள். மார்கழிக் கச்சேரிக்குப் பத்து நாள் இருக்கும்போது குரல் போன பாடகர் மூன்று வாரம் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. பிறந்ததிலிருந்தே அழுகுரல் சன்னமாகவோ கரகரப்பாகவோ இருக்கும் குழந்தையையும் காட்ட வேண்டும்.

சில வேளைகளில் நாள் கணக்கே கிடையாது, நிமிடக் கணக்குத்தான். மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற சத்தம்; எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் ஒழுகுவது; வாயைத் திறக்க முடியாமல், வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரிக் குரல்; உணவோ ஊசியோ ஒத்துக்கொள்ளாமல் உதடும் நாக்கும் வீங்குவது. 108-ஐ அழையுங்கள். எச்சில் ஒழுக, முன்னால் குனிந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறும் குழந்தையின் வாயில் கரண்டியை விட்டுப் பார்க்காதீர்கள், மூச்சு முழுதாக அடைத்துவிடலாம்.

தொண்டையில் மாட்டிக்கொள்வதும் இந்தக் கணக்கில்தான். வடசென்னைப் பக்கம் "இங்கு தொக்கம் எடுக்கப்படும்" என்று இன்னும் பலகை தொங்குகிறது; தொண்டையில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியம் அது. குழந்தை வேர்க்கடலையை வாயில் போட்டுக்கொண்டு ஓடி, திடீரென்று இருமி, பிறகு அமைதியாகிவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கடலை மூச்சுக் குழாயின் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயை வெந்துபோக வைக்கும். தொக்கம் எடுப்பவரிடம் போகும் நேரத்தில் அவசரப் பிரிவுக்குப் போய்விடலாம். மூச்சே வராமல் அடைத்துக்கொண்டால் பெரியவர்களுக்கும் ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்கும் முன்னால் குனிய வைத்து முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்து, மாற்றி மாற்றி. மீன் முள் மாட்டினால் சோற்று உருண்டையை விழுங்கச் சொல்வார்கள். முள் இறங்கலாம், இன்னும் ஆழமாகக் குத்தியும் நிற்கலாம். வஞ்சிரம் சாப்பிட்ட மறுநாளும் ஒரே இடத்தில் குத்தினால் மருத்துவரிடம் போங்கள். டான்சிலில் மாட்டிய முள்ளை விளக்கு வெளிச்சத்தில் இடுக்கியால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார்.

எங்கே போவது என்றால், சென்ட்ரல் எதிரில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை எல்லாவற்றிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு காலையில் தருவார்கள், காசு கிடையாது, வரிசை நீளம். புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

உள்ளே என்ன செய்வார்கள் என்ற பயத்தில்தான் பலர் போவதில்லை. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விடுவார்கள், நுனியில் கேமரா. முன்னதாக அடிக்கும் மரப்பு மருந்து கசக்கும். "ஈ என்று சொல்லுங்கள்" என்பார்கள், திரையில் உங்கள் நாண்கள் திறந்து மூடுவது தெரியும். சில நிமிடம்தான். குரல் நாண்கள் அதிரும் வேகத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது என்பதால், விட்டு விட்டு மின்னும் விளக்கைப் போட்டு அவை மெதுவாக அசைவதுபோல் காட்டுகிற கருவியும் உண்டு. இதற்கெல்லாம் முன்னோடி ஒரு பாட்டு வாத்தியார். 1854-இல் மானுவல் கார்சியா என்ற ஸ்பானியப் பாட்டு ஆசிரியர், பல் வைத்தியரின் சின்னக் கண்ணாடியையும் கையில் ஒரு கண்ணாடியையும் வைத்து, சூரிய வெளிச்சத்தைத் திருப்பித் தன் தொண்டைக்குள் விட்டு, பாடும்போது தன் குரல் நாண்களையே பார்த்தார். மருத்துவர்கள் பிறகுதான் அந்தக் கண்ணாடியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாத்தியார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

போகும்போது வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். போடும் மாத்திரைகளையும் இன்ஹேலரையும் கையோடு கொண்டுபோங்கள். கூடவே உங்கள் குரலைத் தினமும் கேட்கிற யாரையாவது அழைத்துப் போங்கள், நாள் கணக்கை அவர்கள் சரியாகச் சொல்வார்கள். சோதனை முடிந்து வெளியே வந்ததும் டீக்கடைக்கு ஓட வேண்டாம். தொண்டை மரத்துப்போயிருக்கும், ஒரு மணி நேரம் பொறுத்துத்தான் குடிக்க வேண்டும். நான் பொறுக்கவில்லை, புரையேறி அந்த வராந்தாவையே திரும்பிப் பார்க்க வைத்தேன்.